முகத்தில் காய்ந்த நுரை

மகன் சவர சோப்பைக் குழைக்கும்போதெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர் கோட்டுச்சேரியின் சலூன் எனக்கு ஞாபகம் வருகிறது. அப்பாவும் அதே ஊர்க்காரரான சந்தானமும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டவர்கள். ஆனால் இருவரும் மோதியதே இல்லை. மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்பதுதான் எழுபதுகளில் அந்த சலூனில் ஓயாத பேச்சு.

அப்பா இறந்த மறுமாதம், முகம் நிறைய நுரையோடு சலூன் நாற்காலியில் உட்கார்ந்தபடி சந்தானம் சொன்னார்: "ரெண்டாவது ரவுண்டுலயே அவன் படுத்திருப்பான்."

என்னோடு தெருவில் போய்க்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்டு நேராக உள்ளே நுழைந்தாள்.

"அவரு இருந்தவரைக்கும் இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரல. இப்ப அவருக்குப் பதிலா நான் நிக்கிறேன். எழுந்திரிங்க."

அவர் எழவில்லை. நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப யாரு ஜெயிச்சிருப்பா, நீங்களே சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரர்தான்," என்று முனகினார்.

தெருவுக்கே கேட்கும்படி அதை இன்னொரு தடவை சொல்லவைத்த பிறகுதான் அம்மா வெளியே வந்தாள். இன்று நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.