நான் நிறுத்திவைத்த பாடகர்

பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பதும் பாடகர் குழுவை நடத்துவதும் முப்பது வருஷமாக என் வேலை. பகலில் அரசாங்க ஆபீஸ். சாயங்காலம் ஆபீஸ் இருக்கும் மரைன் ஹில் மேட்டிலிருந்து இறங்கிப் பயிற்சிக்குப் போவேன். குழுவில் கனத்த கீழ்க்குரல் ஒருவருக்குத்தான் இருந்தது. கார் நிக்கோபார் தீவுக்காரர், கப்பல் ஜெட்டியில் வேலை, குடும்பம் எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில்.

சுனாமி வந்த வருஷம், கிறிஸ்துமஸை ஊரில் கொண்டாடக் குடும்பத்தோடு கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார்.

"நீங்க போயிட்டா கீழ்க்குரலுக்கு நான் எங்கே போவேன்? பண்டிகை முடிச்சுட்டு அடுத்த கப்பல்ல போங்களேன்" என்றேன்.

தயங்கினார். பிறகு மனைவியையும் இரண்டு பெண்களையும் மட்டும் கப்பலேற்றிவிட்டு வந்தார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் பாடியதைக் கேட்டு, நிறுத்திவைத்தது நல்லதாயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் பூமி ஆடியது. இங்கே ஜங்லிகாட் கரையோரக் கடைகளுக்குள் கடல் புகுந்தது. கார் நிக்கோபாரிலிருந்து ஆட்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கும்போதெல்லாம் அவர் போய் நின்றார். நானும் கூடப் போனேன். முகாம் முகாமாகத் தேடினோம். மூன்று பேரில் ஒருவர்கூட வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

இறந்தவர்களுக்கான ஆராதனைக்குப் பயிற்சி வைத்த அன்று, யாரும் கூப்பிடாமலே வந்தார். அவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன்: "நான்தான் உங்களை நிறுத்தினேன்."

"ஆமா மாஸ்டர்ஜி, நீங்கதான்" என்றார். குரலில் கோபமில்லை. "நான் போயிருந்தா சின்னவளையாவது தூக்கிட்டு ஓடியிருப்பேன்."

உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றார். வாய் திறக்கவில்லை. அந்த ஞாயிறும் இல்லை, அதன்பின் எந்த ஞாயிறும் இல்லை. அவர் பாடவேண்டியதை நான் ஆர்கனின் கால்கட்டைகளில் மிதித்து ஒப்பேற்றினேன். பாடாதவருக்குக் குழுவில் என்ன இடம் என்று சபைக் கமிட்டியில் கேட்டார்கள். "அவர் போனால் நானும் போகிறேன்" என்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

அப்படியே ஆறு வருஷம் நின்றார். ஒருநாள், ஊருக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார். ஜெட்டிக்கு வழியனுப்பப் போனேன்.

"அலையில போன சர்ச்சை அங்கே மறுபடி கட்டி முடிச்சுட்டாங்க. பாடத்தான் ஆளில்லையாம்" என்றார்.

"நீங்க பாடுவீங்களா?"

"தெரியலை, மாஸ்டர்ஜி."

மன்னிப்புக் கேட்க அதுதான் கடைசி நேரம் என்று தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் படியேறிவிட்டார்.