படகைத் திருப்பி அனுப்பியவன் தேவராஜ் அல்ல

போன செவ்வாய்க்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை, என்ஜினையும் அணைக்கவில்லை. "பெரியவரே, நம்ம தேவராஜ் அண்ணன் பூட்டாரு. டீ குடிச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். உள்ளேயிருந்து என் மனைவி லட்சுமி யாரென்று கேட்டாள். சொன்னேன். "ஓ" என்றாள்.

பதினாறாம் நாள் படத்திறப்பில் கொடுக்கும் தாளுக்கு நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கிழக்குத் தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கேட்டார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். தேவராஜைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. காசுக்குப் பார்த்துப் படகை அனுப்பிவிட்டான், லட்சுமியின் கால் போனது அவனால்தான் என்ற கதை. அது பொய். அவன் படத்துக்கு மாலை விழுவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நான் சைக்கிள் ரிக்ஷா மிதித்தேன். அவன் கல்யாணமாகாதவன், வாடகை ஆட்டோ ஓட்டினான். காட்டாங்குளத்தூர் காலேஜ் வாத்தியார் ஒருவரைச் சவாரி ஏற்றிப் போய்விட்டு வந்தவன் என் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணாத்தே, பழவேற்காடு ஏரிக்குள்ள ஒரு தீவு கீதாம். வண்டியே கெடையாதாம். ஆட்டோ இல்ல, லாரி இல்ல, ஒண்ணுமில்ல."

"அப்போ அந்த ஊர்ல நீயும் நானும் பிச்சதான் எடுக்கணும்."

"பொழைக்கவா கூப்புடுறேன்? ஒரே ஒரு நாளு ஆரன் சத்தம் கேக்காம குந்திகினு வரலாம். அண்ணியையும் இட்டுகினு வா."

லட்சுமி கல்யாணமானதிலிருந்து எங்கேயும் போனவள் இல்லை. விடியற்காலை ரயிலில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். சென்ட்ரலில் பொன்னேரி ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ், பிறகு படகு. தூக்குவாளியில் புளிச்சோறு இருந்ததால் வழியில் டீ மட்டும்தான் வாங்கினோம்.

படகுக்காரர் எங்களைத் தீவில் இறக்கிவிட்டுச் சொன்னார்: "தண்ணியில கால் வெச்சா தூக்கித் தூக்கி வைக்காதீங்க, தரையோட தேச்சி நடங்க. அடியில திருக்கை படுத்திருக்கும். நான் இங்கேயே நிக்கணும்னா அதுக்குத் தனியா குடுக்கணும். இல்லன்னா வலைக்குப் போயிட்டு சாயங்காலம் வரேன். இப்போ எல்லாப் படகும் வெளியில போயிடும். ஒரு அவசரம்னா ஆள் இருக்காது, சொல்லிட்டேன்."

லட்சுமி அதற்குள் தூக்கை எடுத்துக்கொண்டு பனைமர நிழலுக்குப் போயிருந்தாள். தேவராஜ் சட்டைப்பையில் கை விட்டான். "குடுத்துரலாம் அண்ணாத்தே. நிக்கிறவனுக்கும் வயிறு கீது இல்ல?" என்றான். அவன் கையைத் தட்டிவிட்டவன் நான். "நம்மள எத்தினி பேரு வாசல்ல மணிக்கணக்கா நிக்க வெச்சான், எவன் குடுத்தான்? நீ போய்யா, சாயங்காலமா வா" என்றேன். என்னை நிற்க வைத்தவர்கள் மேலிருந்த ஆத்திரத்தை அந்த ஏழை மேல் காட்டினேன். படகு போய்விட்டது.

அந்த ஊரில் மணல்தான் தெரு. ஆண்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. இறால் காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பது போல இருந்தது. "காது கூவுது அண்ணாத்தே" என்றான் தேவராஜ். சிரிக்காமல் சொன்னான்.

சாப்பிட்டு முடித்துத் தூக்கைக் கழுவ லட்சுமி தண்ணீரில் இறங்கினாள். கத்தக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கி வந்து பார்த்தால் கணுக்காலுக்குக் கீழே கிழிந்து ரத்தம் கொட்டியது. பெண்கள் ஓடிவந்து வெந்நீரில் காலை வைத்தார்கள். அவர்களில் மூத்தவள் சொன்னாள்: "வெந்நீர் வலியைத்தான் அடக்கும். திருக்கை முள்ளு உள்ளயே ஒடிஞ்சிருக்கு. சீக்கிரம் அக்கரைக்குப் போயி ஊசி போடணும். அந்தக் கோடியில ஒருத்தர் படகுக்குத் தார் பூசிக்கினு இருக்காரு, ஓடுங்க."

எனக்கு இழுப்பு உண்டு. மணலில் பத்தடி தூக்கியதும் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. தேவராஜ் முதுகைக் காட்டிக் குனிந்தான். "வெக்கப்படாத அண்ணி. ஆட்டோல ஏறுறதா நெனச்சிக்கோ."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் கண் சொருகியபோதெல்லாம், தாம்பரம் ரயில் நிற்கும் ஸ்டேஷன்களை வரிசையாகக் கேட்டு அவன் அதட்டினான். "கிண்டி வந்தாச்சு அண்ணி. அடுத்து இன்னா, சொல்லு."

"பரங்கிமலை."

"அப்பால?"

"பழவந்தாங்கல்."

"தூங்காத. அப்பால?"

மீனம்பாக்கம் என்று சொல்லவில்லை அவள். "படகு நின்னிருந்தா இந்நேரம் போயிருக்கலாமே. யாரு அத்த அனுப்பினது?" என்றாள்.

நான் பின்னால் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நான்தான் அண்ணி. காசு மிச்சம் புடிக்கப் பாத்தேன்."

அதற்குப் பிறகு அவள் எந்த ஸ்டேஷன் பெயரும் சொல்லவில்லை. படகில் ஏற்றும்போது அவளுக்கு நினைவே இல்லை.

உயிர் பிழைத்தாள். புண் அழுகி, பாதத்தில் பாதியை எடுத்தார்கள். "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்று ஆஸ்பத்திரி வாசலில் அவனைக் கேட்டேன். "அண்ணி உன் கூடத்தான குடித்தனம் பண்ணணும், என் கூடவா?" என்றான். மாசக்கணக்கில் கட்டுப் போட அவன் ஆட்டோவில்தான் அவளை அழைத்துப் போனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறுவாள், அப்படியே இறங்குவாள். கட்டு நின்ற பிறகும் அவ்வப்போது வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போவான். ஸ்டாண்டில் அவனுக்கு 'வெயிட்டிங் தேவராஜ்' என்று பெயர் வைத்தீர்கள். நானும் உங்களோடு உட்கார்ந்து சிரித்தேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான், பீடியைப் பற்ற வைத்துக்கொள்வான்.

இந்த இடம் வந்தபோது டீச்சரம்மா பேனாவை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார். லட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் காதில் விழும் என்று தெரிந்துதான் இங்கே உட்கார்ந்து சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தைரியமில்லை.

"பன்னெண்டு வருஷம் வந்து வந்து வாசல்லயே நின்னாரு. ஒரு வாய் தண்ணி குடுத்தேனா நானு?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு, "நீங்க நிறுத்தாதீங்க டீச்சர், எழுதுங்க. முனுசாமின்னு இந்தாளு பேரையும் போட்டு எழுதுங்க" என்றாள்.

தேவராஜுடையதாக என்னிடம் இருப்பது அவன் எனக்காகச் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். இத்தனை வருஷம் அதற்குள்ளேதான் குடித்தனம் நடத்தினேன். லட்சுமி இன்னும் என்னோடு பேசவில்லை. படத்திறப்புக்குத் தனியாக வருகிறாளாம். அவளால் வெகுநேரம் நிற்க முடியாது. முன்வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். எனக்கு வேண்டாம், நான் வாசலில் நிற்கிறேன்.