சாமி அறையில் வில்லடி

எருமப்பட்டிக்கு வடக்கே, கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் மேட்டுக்காட்டில் ஆட்டுக்குடிகள் ஒரு தெருவாக இருந்தார்கள். அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அத்தாயி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆட்டு வாடையும் புளியங்கொட்டைக் கஞ்சி வாடையும்தான். அந்தக் கஞ்சியைப் பாவு நூலுக்குத் தடவி வெயிலில் விறைக்க விடுவார்கள். பெண்கள் ராட்டையில் நூற்பார்கள். ஆண்கள் ரோமத்தை வில்லால் அடித்துப் பஞ்சுபோல் மலர்த்துவார்கள், பிறகு தறிக்குழியில் இறங்கிக் கம்பளி நெய்வார்கள்.

நெய்த கம்பளியெல்லாம் சூரமங்கலத்துக்குப் போகும். அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வெள்ளியங்கிரி என்பவர் கம்பளி டிப்போ வைத்திருந்தார். சுற்றுவட்டத்துத் தெருக்களில் ரோமம் கொடுத்து நெய்து வாங்குவார். பேல் கட்டி, சாக்கில் தைத்து, கரி மையால் குறி போட்டுத் தூத்துக்குடிக்கு ரயிலேற்றுவார். அங்கிருந்து கப்பலில் கொழும்பு. அக்கரைத் தேயிலைத் தோட்டங்களில் மழையில் நின்று கொழுந்து கிள்ளுகிற சனங்களுக்கு அந்தக் கம்பளியைத்தான் கொடுத்தார்கள். போய்த் திரும்பிய ஒருவன், மலை முழுக்க நம்ம தெருக் கம்பளிதான் நடக்கிறது என்று சொன்னபோது எல்லோருக்கும் ஒரே பூரிப்பு. அத்தாயி கடலைப் பார்த்ததில்லை. அதைத் தாண்டிப் போகிற நூல் தன் விரலில் முறுக்கேறியது என்று நினைத்தாலே அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவள் புருஷன் மாதையன் அதிகம் பேசாதவன். பிள்ளைகள் பிறந்து பிறந்து போய்விட்டன. அதற்காக அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனுக்கு இருந்த ஒரே பெருமை அவன் வில். வீரபத்திரசாமிக்கு வருஷத்துக்கு ஒரு கம்பளி விரிப்பார்கள். அந்தக் கம்பளிக்கான ரோமம் மாதையன் வீட்டு வில்லில்தான் அடிபட வேண்டும். பாட்டன் காலத்து உரிமை அது. அந்த வில்லைப் பிடித்தவன் கண் மூடினால் சாமியின் பழைய கம்பளியைக் கொண்டுவந்து அவன் மேல் போர்த்துவார்கள். அதைப் போர்த்திக்கொண்டு போகிறவன் நேரே சாமி காலடிக்குப் போவான் என்று அந்தத் தெரு நம்பியது. மாதையனும் நம்பினான். இருக்கும்போது வயிறு காய்ந்தாலும் போகும்போது அந்த மரியாதை உண்டு என்ற நினைப்பிலேயே அவன் காலம் ஓடியது.

அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. செத்த ஆட்டின் ரோமத்தை வில்லுக்குக் காட்டக்கூடாது. உயிரோடு நிற்கிற ஆட்டை ஓடையில் குளிப்பாட்டி, கும்பிட்டுக் கத்தரித்த ரோமம்தான் வில்லுக்கு ஆகும். நோய் கண்டு விழுந்த ஆட்டைத் தோல்கூட உரிக்காமல் ஊருக்குத் தெற்கே குழி வெட்டிப் புதைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் சாமி குத்தம் என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. மீறினவன் வில்லை ஒடித்து, அவனைச் சாமி எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள்.

பிறகு கொழும்புச் சரக்கு குறைந்தது. தோட்டங்களில் விலை விழுந்ததாம், ஆள் குறைத்தார்களாம். தறிக்குழிகளில் கோழி முட்டையிட்டது. பல வருஷம் அப்படியே கிடந்த பிறகு சண்டை வந்தது. பர்மாப் பக்கம் நிற்கிற பட்டாளத்துக்குக் கம்பளி வேண்டும் என்று சர்க்கார் கேட்டது. வெள்ளியங்கிரிக்குக் கான்ட்ராக்ட் கிடைத்தது. ஆனால் அந்த வருஷம் மழை இல்லை. ஓடையில் நனைக்கத் தண்ணீர் இல்லை, கத்தரிக்க ஆடும் அதிகம் இல்லை. மேற்கே பட்டி பட்டியாக ஆடுகள் சாகின்றன என்று பேசிக்கொண்டார்கள்.

டிப்போவில் பேல் சுமந்துகொண்டிருந்தவன் செல்லமுத்து, அத்தாயியின் கூடப்பிறந்த அண்ணன். ஒரு நாள் காலையில் அவன் வண்டியோடு வந்து மாதையன் வாசலில் நாலைந்து சாக்கு ரோமம் இறக்கினான். மாதையன் ஒரு கை எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தான். அடிவேரில் தோல் செதில் ஒட்டியிருந்தது. கத்தரி பட்ட ரோமத்துக்கு அப்படி இருக்காது. சாக்கின் வாயை மூடிவிட்டு எழுந்தான்.

"இது செத்ததுல புடுங்குனது மச்சான்" என்றான்.

செல்லமுத்து மறுக்கவில்லை. சனங்கள் கஞ்சிக்கு இல்லாமல் தவிக்கும்போது வில்லுக்கு என்ன மடி ஆசாரம் என்று கேட்டான். இதை அடிக்காவிட்டால் இந்தத் தெருவுக்கு இனிமேல் சரக்கே இல்லை என்று டிப்போக்காரர் சொல்லிவிட்டார் என்றான். மற்ற வீடுகளெல்லாம் மாதையன் முகத்தைத்தான் பார்க்கும், அவன் தொட்டால் எல்லோரும் தொடுவார்கள் என்றும் சொன்னான்.

மாதையன் காட்டுப் பக்கம் போய்விட்டான். வரும்போது முகம் செத்திருந்தது. தெருவைப் பட்டினி போட்டாலும் பாவம், வில்லைத் தீட்டாக்கினாலும் பாவம். அத்தாயிக்கு அவன் படுகிற பாடு தாங்கவில்லை. அவள் சாமியை நினைத்தாள், நல்லதுதான் நினைத்தாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"ஏனுங்க, சாமி அறைக்குள்ள வெச்சு அடிச்சுப்போடுங்க. சாமி பாத்துக்கிட்டு இருக்கறப்ப தோசம் எங்கீங்க நிக்கும்? கதவச் சாத்திக்கிட்டா காத்துக்குக்கூடத் தெரியாது."

வில்லடி எப்போதும் வெட்டவெளியில், வேலமரத்தடியில்தான் நடக்கும். அடிக்க அடிக்கக் கிளம்புகிற தூசியைக் காற்று காட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டுச் சாமி அறையோ ஆள் குனிந்து நுழைகிற மண்ணறை. ஜன்னல் கிடையாது. அத்தாயி அதைச் சாணி போட்டு மெழுகி, சாம்பிராணி புகைத்து, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அக்கம்பக்கம் கேட்டதற்குச் சாமிக்கு நேர்ந்துகொண்டு செய்கிற வேலை என்று சொன்னாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நாண் அதிர்ந்தது. அத்தாயி வெளியே உட்கார்ந்து நூற்றாள். வெளியே வந்தபோது மாதையன் மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்தவன்போல் இருந்தான். இமை மயிரெல்லாம் வெள்ளை.

"சாமி மொகமே தெரியலே புள்ளே, அத்தன தூசி" என்று சொல்லிவிட்டு இருமினான்.

அன்றும் மறுநாளும் அடித்து முடித்தான். செல்லமுத்து அந்தப் பஞ்சைத் தூக்கித் தெருவில் காட்டினான். மாதையன் வில்லே தொட்ட ரோமம், அதுவும் சாமி முன்னால் அடித்தது, மேட்டூர்ப் பக்கம் கத்தரித்த நயம் சரக்கு என்று சொன்னான். மாதையன் தொட்டதில் குற்றம் இருக்க முடியுமா? வீட்டுக்கு வீடு சாக்குக்குச் சொல்லி வைத்தார்கள். இரண்டு வீட்டுக்குத் தள்ளி இருந்த ராமாயி, தன் புருஷனுக்கு நாணை மாற்றிக் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினாள்.

மாதையனுக்கு முதலில் சளி போலத்தான் வந்தது. சுக்கு வைத்துக் கொடுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு கொஞ்சம் தணிந்து, எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். அத்தாயி சாமிக்கு விளக்கு ஏற்றினாள். அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அவனுக்கு நெஞ்சு அடைத்தது. மூச்சு உள்ளே போக இடம் இல்லாததுபோல் வாயைத் திறந்து திறந்து மூடினான். உதடு நீலம் பாரித்தது. நாமக்கல்லுக்குக் கொண்டுபோக மாடு பூட்டிக்கொண்டிருந்தார்கள். நுகத்தடியில் மாடு நிற்கும்போதே உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது.

தெருவில் ஒரு சாவு கிடக்கும்போது யாரும் வில்லைத் தொடமாட்டார்கள். எடுத்துப் போட்டுவிட்டு வந்து குளித்த பிறகுதான் வேலை. முந்தின நாள்தான் வண்டியில் வந்து இறங்கிய சாக்குகள் ஒவ்வொரு வீட்டிலும் வாய் கட்டியபடி காத்திருந்தன.

சொந்தபந்தமான ஒறம்பரைகள் வந்து உட்கார்ந்தார்கள். செல்லமுத்து தங்கைக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். நீட்டிய கையில், முழங்கைக்குக் கீழே, ஒரு புண் இருந்தது. நடுவில் கரி வைத்ததுபோல் கறுப்பு, சுற்றிலும் வீக்கம். வலிக்கிறதா என்று அத்தாயி கேட்டாள். வலியே இல்லை, சாக்குத் தூக்கும்போது ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் புண்ணை அவள் சின்னவளாக இருந்தபோது தன் அப்பன் கையில் பார்த்திருக்கிறாள். அடைப்பான் நோய் கண்டு செத்த ஆட்டைக் குழிக்கு இழுத்துப் போட்ட பிறகு வந்தது அது. காய்ச்சிய இரும்பால் சூடு வைத்துத்தான் அவர் பிழைத்தார். ஆட்டுக்கு வருகிற அடைப்பான் ரோமத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. இப்போது புருஷன் வாயைத் திறந்து மூடியது கண்முன்னால் வந்தது.

அண்ணனைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அந்த ஆடெல்லாம் எப்படிண்ணா செத்துச்சு?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "மூக்குல ரத்தமா வந்து உளுந்துச்சுன்னாங்க."

"தெரிஞ்சுதான் கொண்டாந்தயா?"

"நானுந்தான் புள்ளே என்ற கையால சாக்குத் தூக்குனேன்" என்றான். பிறகு குரலை இறக்கிச் சொன்னான். "நடந்தது நடந்துபோச்சு. நீ வாயத் தொறந்தா அவருக்குப் போத்தறதுக்கு வர்ற கம்பளி வராது. உசுரோட இருக்கறப்ப ஒண்ணும் அனுபவிக்கல. இந்த மரியாதயாவது கெடைக்கட்டும் உடு."

அவன் சொன்னது பொய்யில்லை. அவள் பேசாமல் இருந்தால் போதும். மாதையன் சாமி கம்பளியோடு போவான். தெருவில் அவன் பெயர் நிற்கும். அந்தப் பெயரை நம்பி எல்லா வீட்டிலும் சாக்கைப் பிரிப்பார்கள். மரத்தடியில் காற்றில் அடித்தால் ஒருவேளை பிழைப்பார்கள், ஒருவேளை இல்லை. மாதையன் முன்னால் காட்டிய வழி என்று யாராவது கதவைச் சாத்திக்கொண்டும் அடிக்கலாம். ராமாயி வீட்டுச் சாமி அறையும் அதே அளவு இருட்டுத்தான். கதவைச் சாத்தச் சொன்னவள் நான் அல்லவா என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

பம்பை மேளம் கேட்டது. பூசாரி சின்னான் குளித்த ஈரத்தோடு, சாமி கம்பளியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் வந்தார். எல்லோரும் எழுந்து கையெடுத்தார்கள். அத்தாயியும் கையெடுத்தாள். கும்பிட்ட கையை இறக்காமலே வாசலுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"அதப் போத்தாதீங்க. அவரு வில்லு செத்த ரோமத்தத் தொட்டுப்போச்சுங்க."

பம்பை நின்றது. துக்கத்தில் புத்தி தடுமாறிப் பேசுகிறாள் என்று யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அசையவில்லை. அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கிப் புண்ணைக் காட்டினாள். எந்த ரோமம், எப்படிச் செத்த ஆடு, ஏன் அறைக்குள் அடித்தது எல்லாவற்றையும் சொன்னாள். யோசனை தன்னுடையது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். உங்கள் வீட்டுச் சாக்கும் அதுதான், பிரிக்காதீர்கள் என்றாள்.

ராமாயிதான் முதலில் வாய் திறந்தாள். "கட்டுனவ வாயில வர்ற பேச்சா இது? பொணத்த வெச்சுக்கிட்டு அவன் பேரயே கெடுக்கறயே."

சின்னான் கம்பளியைத் தலையிலிருந்து இறக்காமல் கேட்டார். "சாமி முன்னால வந்து இதச் சொல்லுவயா?"

"சாமி முன்னாலதானுங்க நடந்துச்சு" என்றாள் அத்தாயி.

அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். அந்தக் கம்பளி தெருமுனையில் மறைகிறவரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி போனபோது அலறாதவள் அப்போது வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாதையன் வில்லை அங்கேயே ஒடித்தார்கள். முன்னோர் கிடக்கிற இடத்தில் அவனுக்கு இடம் இல்லை என்றார்கள். ஊருக்குத் தெற்கே, நோய் ஆடுகளைப் போடுகிற பக்கத்தில், பம்பை இல்லாமல், கட்டிய வேட்டியோடு மண்ணில் வைத்தார்கள். சாக்குகளைக் கொம்பால் நெம்பித் தள்ளிக் குழியில் போட்டுத் தீ வைத்தார்கள். அடைப்பானுக்குப் பயந்து எரித்தவர்கள் கொஞ்சம் பேர். பாவத்துக்குப் பயந்து எரித்தவர்கள்தான் அதிகம். மாதையன் வீட்டுச் சாமி அறையை இடித்து மூடினார்கள்.

செல்லமுத்துவுக்குச் சூடு வைத்தார்கள், பிழைத்துக்கொண்டான். அவன் தங்கை வாசலை மறுபடி மிதிக்கவில்லை. வெள்ளியங்கிரி இந்தத் தெருவை விட்டுவிட்டார். மிச்சம் இருந்த சாக்குகளைத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ ஊருக்கு ஏற்றினார்கள் என்று வண்டிக்காரன் சொன்னான். எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு அத்தாயி எருமப்பட்டிவரை நடந்து போனாள். யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் என்ன ஆயிற்றோ, கடவுளுக்கே வெளிச்சம்.

தெருவில் அதற்குப் பிறகு யாருக்கும் நெஞ்சு அடைக்கவில்லை. அது அத்தாயியால் என்று வாய்விட்டுச் சொன்னவரும் இல்லை. அவள் கை நூலை யாரும் தறியில் ஏற்றவில்லை. அவள் கல் உடைக்கவும் களை எடுக்கவும் போனாள். சாமி உரிமை ராமாயி வீட்டுக்கு மாறியது. திருவிழாவன்று எல்லைக்கயிற்றுக்கு வெளியே, சோளத்தட்டு ஓரத்தில் நின்று அத்தாயி தூரத்திலிருந்தே கும்பிட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு ராமாயி கயிற்றைத் தாண்டி வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. வாழை இலைத் துண்டில் கொஞ்சம் திருநீறை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அத்தாயி அதை எடுத்தாள். நெற்றியில் வைக்கவில்லை. இலையை மடித்துக்கொண்டு தெற்கே, மாதையன் கிடக்கிற பக்கம் நடந்தாள்.