தலை, நடுத்துண்டு, வால்

காலையில் ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார வண்டி ஏறுகிறவர்களுக்குத் தெரியும், பெண்கள் பெட்டி பாதி சமையலறை. ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி பூண்டு உரிப்பாள். யாருக்கும் யார் பெயரும் தெரியாது, ஆனால் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆங்கில வார்த்தைகளைப் பிழையில்லாமல் எழுத நான் கற்றுக்கொண்டது அந்தப் பெட்டியில்தான்.

வீடு மூலக்கொத்தளம். வேலை எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். முதலில் கழுவும் பிரிவில் இருந்தேன். காலியாக வரும் கன்டெய்னருக்குள் எண்ணெயோ ரசாயனமோ பதனிடாத தோலோ எது வந்ததோ அதன் கசடு ஒட்டியிருக்கும். காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரை அடித்துத் தேய்க்க வேண்டும். கொடுக்கிற கையுறை இரண்டு நாளில் கிழிந்துவிடும். உள்ளங்கை உரிந்து வெடித்து, ரசம் சோற்றைப் பிசைந்தால் உயிர் போகும். ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தேன். வீட்டில் எல்லாரும் துரைசானி என்று கிண்டல் செய்தார்கள். கையைக் காட்டினால் வேலையை விடச் சொல்வார்கள் என்று நானும் துரைசானியாகவே இருந்துவிட்டேன்.

பிறகு கேட்டில் உட்கார்ந்து கன்டெய்னர் எண் எழுதுகிற பெண் கல்யாணமாகிப் போனாள். பன்னிரண்டாவது படித்தவள் என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கை மெல்ல ஆற ஆரம்பித்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: இனிமேல் எண் மட்டும் போதாது, கன்டெய்னரில் என்ன பழுது என்பதையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் டிக்டேஷன் வைப்பார். தேறினால் நாற்காலி, தேறாவிட்டால் பழையபடி கழுவப் போக வேண்டும். கெட்ட மனிதர் இல்லை, முகத்துக்கு நேராகச் சொன்னார். ஃபோனே திருத்திக் கொடுக்குமே சார் என்றேன். அப்படி ஃபோன் திருத்திய ஒரு வார்த்தையால் கப்பல் கம்பெனிக்காரனிடம் தான் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவர் சொன்னார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வேன், மறந்துபோகும், ஃபோனைத் திட்டுவேன். எதிரே உட்காருவது திருவொற்றியூரில் ஒரு கிளினிக்குக்குப் போகும் நர்ஸ், என்னைவிடச் சின்னப் பெண். ஒரு நாள் என் புலம்பல் தாங்காமல் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். முழுசாக முழுங்கினால் தொண்டையில்தான் நிற்கும், பிரித்துப் பாருங்கள் என்றாள். 'அன்லோடட்' என்பதில் முன்னால் ஒட்டியது 'அன்', பின்னால் ஒட்டியது 'ஈ டி', நடுவில் இருப்பது எனக்குத் தினமும் பழகிய 'லோட்'. அவ்வளவு நாள் அதை ஒரே வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவோரம் தரையில் மீன்கார அக்கா உட்கார்ந்திருந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டுச் சாக்கால் மூடி, மீஞ்சூருக்குக் கொண்டுபோய் விற்பவர். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"மீனாட்டம்தான் கீது. தல, நடுத்துண்டு, வாலு. வெட்டி வெட்டிச் சொல்லுமே, வந்துடும்."

அன்றிலிருந்து அது தினப்படி வேலையாகிவிட்டது. கொருக்குப்பேட்டை சிக்னலில் வண்டி எப்படியும் நிற்கும். நின்றதும் அக்கா கூடை விளிம்பில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார், நான் தலையைச் சொல்ல வேண்டும். அடுத்த தட்டுக்கு நடுத்துண்டு, அதற்கடுத்து வால். நான் சொல்வது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. நர்ஸ் முகத்தைப் பார்ப்பார். அவள் உதட்டைப் பிதுக்கினால் மறுபடி முதல் தட்டு. கீரை ஆய்கிறவள்கூட கையை நிறுத்திவிட்டு நர்ஸ் முகத்தைப் பார்ப்பாள்.

தலை ஒட்டுவதில் வம்பே இல்லை என்று நர்ஸ் சொன்னாள். எதை முன்னால் ஒட்டினாலும் நடுத்துண்டில் ஓர் எழுத்தும் மாறாது. 'நெசசரி'க்கு முன்னால் 'அன்' வந்தால் இரண்டு 'என்' அடுத்தடுத்து நிற்கும், நான் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தேன். வால் பக்கம்தான் தகராறு. 'யூஸ்' பின்னால் 'ஏபிள்' ஒட்டினால் கடைசி 'ஈ' உதிர்ந்துபோகும். சரி என்று ஏற்றுக்கொண்டேன். 'சர்வீஸ்' பின்னால் அதே 'ஏபிள்' ஒட்டினால் 'ஈ' உதிராதாம், உதிர்ந்தால் 'சி'யின் சத்தம் கெட்டுப்போகுமாம். இது என்ன நியாயம் என்று கத்தினேன். சில மீனுக்கு வாலோரம் செதில் விடவே விடாது, அதனோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததை எடு என்றார் அக்கா. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

டிக்டேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெட்டியில் புதிதாக ஏறிய ஒரு அம்மாவின் புடவையில் மீன் தண்ணீர் பட்டுவிட்டது. அவர் ஃபோனில் புகார் செய்ய, தண்டையார்பேட்டையில் ரயில்வே போலீஸ் பெண் ஏறினாள். மீன் கூடைக்கு வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டி இருக்கிறது, இங்கே வரக்கூடாது என்றாள். சட்டப்படி அவள் சொன்னது சரிதான். அதற்காக நான் சும்மா இருக்கவில்லை, பெட்டியே அதிர ஒரு பாட்டம் சண்டை போட்டேன். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் நர்ஸ் இருந்தாள், ஃபோன் இருந்தது, கொருக்குப்பேட்டையில் வண்டியும் நின்றது. எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. தட்டுகிற சத்தம் இல்லாமல் தலை எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மறுபடி அந்தக் காஸ்டிக் தண்ணீரில்தான் கை வைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் ராயபுரத்தில் நேராக வெண்டர் பெட்டியில் ஏறினேன். பால் கேன், வாழைத்தார், கறிவேப்பிலைக் கட்டு, நடுவில் அக்கா.

புடவை நாறிப்போகும், போ என்றார். "தட்டுக்கா" என்றேன். தட்டினார், சொன்னேன். ஆனால் சரியா தப்பா என்று பார்க்க முகம் ஒன்று வேண்டுமே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த நாள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நர்ஸ் பின்னாலேயே வந்து ஏறினாள். அவள் வந்ததால் கீரை ஆய்கிறவளும் வந்தாள். பால்காரர் கேனைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தார். கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்தே சரியா தப்பா என்று அக்கா கண்டுபிடித்துவிட்டார். எனக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

டிக்டேஷன் அன்று மேனேஜர் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். நான் மேஜைக்கு அடியில் விரல் முட்டியால் தட்டித் தட்டி எழுதினேன். என்ன சத்தம் என்று குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை சார் என்றேன். திருத்தி முடித்துவிட்டு, அங்கங்கே தப்பு இருக்கிறது, ஆனாலும் கேட்டிலேயே இரு என்றார்.

சாயங்காலம் வெண்டர் பெட்டியில் அக்கா காலிக் கூடையோடு வருவார் என்று தெரியும். எண்ணூரில் ஏறிச் சொன்னேன். பாராட்டுவார், குறைந்தது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் வலது கையை இழுத்து, உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஐஸிலும் மீன் முள்ளிலும் கிழிந்து கிழிந்து அவர் விரல்கள் மரக்கட்டையாக இருந்தன.

"மொத நாளே பாத்தேன். முந்தானில ஒளிச்சிகினு கீறியேன்னு கேக்கல," என்றார். "இனிமே அந்தத் தண்ணில கை வெக்க வேணாமில்ல?"

"வேணாங்கா," என்றேன். ராயபுரம் வரும்வரை அவர் என் கையை விடவில்லை.