கமாண்டருக்குச் சொன்ன ஆமாங்க

கமாண்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு எழுத வருமா?" என்பதுதான். செம்மேட்டு வாரச் சந்தையில் ஒரு பலாப்பழத்தை எந்தப் பக்கம் தட்டிப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். "ஆமாங்க" என்றேன். வார இதழ்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதி, அதைப் படித்த இரண்டு பேரில் ஒருவன் சொந்தத் தம்பி என்ற நிலையில் இருப்பவன் வேறென்ன சொல்வான்? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மலையில ஒருத்தனாவது 'வராது'ன்னு சொல்வானான்னு இருபது வருஷமாத் தேடறேன்யா" என்றார்.

கடற்படையில் போர் விமானி அவர். போரில் அடிபட்ட விமானத்தைக் கடலில் விடாமல் கப்பலின் மேல்தளத்தில் கொண்டுவந்து இறக்கியதற்காக வீரப் பதக்கம் வாங்கியவர். பிறகு ஒரு விமானப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். ஊரில் இதை யாரும் நம்பவில்லை. "கப்பல்ல வேல பாத்தவருக்கு பிளேன் எதுக்குங்க?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "கப்பல் முழுகுனா தப்பிக்கிறதுக்குத்தான்" என்று இன்னொருவர் விளக்கினார். கமாண்டர் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. அதைவிட நல்ல விளக்கத்தைத் தன் அதிகாரிகளே சொன்னதில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எடப்புளி நாடு என்ற மலைக்கிராமத்துப் பக்கம் நான்கு ஏக்கர் மிளகுத் தோட்டம் வைத்திருந்தார். ஓய்வெடுக்க வந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோறு தின்னும்போதே ஒரு காலைத் தரையில் தட்டிக்கொண்டிருப்பார். மிளகுக் கொடி நட ஆட்கள் குழி வெட்டும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். "குழி ரெண்டடி இருக்கா?" என்பார். "ஆமாங்க" என்பார்கள். உடனே அடிக்குச்சியோடு குழிக்குள் இறங்கிவிடுவார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: "ஒண்ணரைதான்யா இருக்கு!" மேலே நிற்பவர் அதே மரியாதை குறையாமல், "ஆமாங்க" என்பார்.

எங்கள் பக்கத்து ஆமாங்க சம்மதம் அல்ல என்று அவருக்குப் பல முறை விளக்கியிருக்கிறேன். 'நீங்கள் பேசியது காதில் விழுந்தது, உங்கள் மேல் மரியாதை உண்டு' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு மனிதர் இவ்வளவு கோபப்படுவானேன் என்று சிரித்திருக்கிறேன். அவருடைய வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்ல நான் எழுத ஆரம்பித்து, எட்டாவது அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அன்று அவர் நடந்துகொண்டே சொன்னார். கப்பலில் இறங்க வரும் விமானிக்கு வழி காட்ட, தளத்தின் ஓரத்தில் ஒரு விளக்கு இருக்கும். சரியான உயரத்தில் வந்தால் அது கண்ணுக்கு நேராகத் தெரியும். தெரிகிறதா என்று கப்பலிலிருந்து வானொலியில் கேட்பார்கள். தெரியவில்லை என்றால் இறங்கக் கூடாது. மேலேறி, சுற்றிக்கொண்டு மறுபடி வர வேண்டும். அவருடைய பிரிவில் இந்த மலையிலிருந்து போன ஓர் இளம் விமானி இருந்தான். ஒரு நாள் மூட்டத்தில் அவன் இரண்டு முறை, "தெரியல சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். மூன்றாவது முறைதான் இறங்கினான். கமாண்டர் அத்தனை பேர் முன்னிலையிலும், "உனக்குக் கண்ணு பத்தாது, போய் டவுன் பஸ் ஓட்டு" என்றார். மறுநாளும் மூட்டம். வானொலியில் கேட்டது இவரே. "தெரியுதா?" என்றார். "தெரியுது சார்" என்றான். விமானம் கப்பலின் பின்விளிம்பில் மோதிக் கடலில் விழுந்தது.

விமானியின் கணிப்புத் தவறு என்று குடும்பத்துக்குக் கடிதம் போயிற்று. கமாண்டரும் அதில் கையெழுத்திட்டார். அந்தப் பையனின் அக்கா செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நோட்டு, பேனாக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எங்களுக்கெல்லாம் டீச்சரக்கா. ஓய்வு பெற்றதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கமாண்டர் மலையேறி வந்திருக்கிறார். டீச்சரக்கா காப்பி கொடுத்தார். குடித்தார். கடைசியில், "இங்க நிலம் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். அப்படி வாங்கியதுதான் அந்த நான்கு ஏக்கர். பிறகு வாரம் தவறாமல் சொல்லப் போவார். ரீஃபில் வாங்கிக்கொண்டு வருவார். ஒரு பள்ளிக்கூடமே பரீட்சை எழுதலாம், அவ்வளவு ரீஃபில் வீட்டில் இருந்தது.

"என்னால வாயால சொல்ல முடியலய்யா. நீ எழுதிடு. அவங்க படிச்சுக்கட்டும்" என்றார். "ஆமாங்க" என்றேன்.

எழுதவில்லை. பதக்கம் வாங்கிய மனிதரின் புத்தகத்தில் இதையெல்லாம் போடுவதா என்று எனக்கு நானே பெரிய மனது பண்ணிக்கொண்டேன். உண்மையில் அது பயம்தான். அந்தக் கடைக்கு எதிரேதான் நானும் தினம் பஸ் ஏற வேண்டும். 'அன்று வானிலை மிக மோசமாக இருந்தது' என்று ஒரு வரியில் கடலைத் தாண்டினேன். அச்சுக்குப் போகும்முன் படித்துப் பார்க்க அந்த வயதில் அவருக்குப் பார்வை போதவில்லை. தாளை முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "நான் சொன்ன மாதிரியே இருக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். குழிக்குள் இறங்கி அளப்பவர், இதை அளக்கவில்லை.

முதல் பிரதியை அவரே கொண்டுபோய் டீச்சரக்காவிடம் கொடுத்தார். அடுத்த வாரம் தடவித் தடவிக் கடைக்குப் போய்விட்டு வந்து, "நல்லா இருக்குதுங்கன்னு மட்டும் சொல்றாங்கய்யா" என்றார். அதற்கடுத்த வாரமும் அதே பதில். "திட்டினாத் தேவலாம். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாங்களே, ஏன்?" என்று தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். எனக்குப் பதில் தெரியும். அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்படி நடந்துகொண்டிருந்த வருஷத்திலேயே இறந்துபோனார்.

இரண்டு வருஷமாக எனக்கும் உட்கார முடியவில்லை. அவரைப் போலவே நானும் சொல்லப் போய், ரீஃபில் வாங்கிக்கொண்டு வந்தேன். போன மாதம்தான் வாய் வந்தது.

"அக்கா, அந்தப் புத்தகத்துல ஒரு பக்கம் பொய்யா எழுதிட்டேனுங்க."

"நீங்க எழுதறது பூராவும் அப்படித்தானுங்களே தம்பி" என்று சிரித்தார்.

சொன்னேன். முதல் நாள் திட்டு, மறுநாள் கேள்வி, கடிதத்தில் கையெழுத்து, என் வானிலை எல்லாவற்றையும். நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"அப்ப தப்பு கமாண்டர் சார் மேலயா?"

மூட்டம், கப்பல், காலம் என்று சொல்ல எனக்கு நிறைய வரும். "ஆமாங்க" என்றேன்.

எதிரே துறையூர் பஸ் பின்னோக்கி வந்து திரும்பிப் போவதைப் பார்த்தார். "வாராவாரம் இங்கதான் உக்காந்திருந்தாரு. அத்தன காப்பியும் குடிச்சுப்போட்டு..." என்று தொடங்கி விட்டுவிட்டார். கோபமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த மேசைதான்.

"மொத நாளு ரெண்டு தடவையும் தெரியலைன்னேவா சொன்னான்?"

"ஆமாங்க."

"அம்புட்டுப் பெரிய ஆபீசர்கிட்டயா?"

"ஆமாங்க."

"எங்க ஊட்ல அவன் வாயில இல்லைங்கற சொல்லே வந்ததில்ல தம்பி. பசிக்குதான்னு கேட்டாக்கூட எங்கப்பா மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவான்." என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "இன்னொருக்காச் சொல்லுங்க. எப்படிச் சொன்னான்?"

"'தெரியல சார்'னு சொன்னாருங்க."

"ரெண்டாந் தடவ?"

"அதேதானுங்க அக்கா. 'தெரியல சார்.'"