கட்டம் போட்ட சட்டையில் வந்த வரி அதிகாரி

போன வருஷம் தை மாதம், காலை பதினொரு மணி இருக்கும். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டின் முன்னறையில் பைப், மோட்டார் உதிரி பாகம் விற்கும் கடை ஒன்றைத் தொடங்க என் கணவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஷட்டர் போட்டாயிற்று, போர்டு மட்டும் வரவில்லை. ஜிஎஸ்டி நம்பருக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தது நான்தான். பி.காம். படித்தவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்பினேன். அனுப்பிய பிறகும் கதவு எண்ணைச் சரியாகப் போட்டேனா என்று இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. என் சுபாவம் அப்படி.

அந்த வாரம் முழுக்க எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு, பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றித்தான். ஹெல்மெட்டோடு வருகிறார்களாம், வீட்டைப் போட்டோ எடுக்கிறார்களாம், மறுநாள் குழந்தையைத் தூக்குகிறார்களாம். யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசும் ஆடியோ. உண்மையா பொய்யா என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அங்கன்வாடி அம்மாக்கள் குழுவுக்கு அனுப்பியும் வைத்தேன்.

அன்றைக்குக் கணவர் ரேக் வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். மாமியார் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் மூன்று வயது மகள் ஷட்டர் படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். திடீரென்று அவள் சத்தம் நின்றுபோனது போலிருந்தது. ஈரக் கையோடு முன்னால் வந்து பார்த்தேன்.

கட்டம் போட்ட சட்டை, தலையில் ஹெல்மெட், கையில் போன். ஒரு ஆள் எங்கள் வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் என் குழந்தையைப் பார்த்து ஏதோ சைகை காட்டினார். கூப்பிடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. "ஐயோ, பிள்ளையத் தூக்க வந்துட்டான்" என்று நான் கத்திய கத்து அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

முதலில் ஓடி வந்தவன் எதிர் வீட்டுக்காரன். எனக்குக் கொழுந்தன் முறை. பின்னாலேயே நெல் அறுக்கும் மெஷினில் வேலை செய்யும் நாலைந்து பேர். வண்டிச் சாவியைப் பிடுங்கினார்கள், ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். உள்ளே ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு முகம், மூக்குக்கண்ணாடி போட்ட முகம்.

"யார்ரா நீ? எந்த ஊர்ரா?"

"டேக்ஸ் ஆபீஸ்லேர்ந்து வரேங்க. கடையப் பாத்து போட்டோ எடுக்கணும். இதோ என் கார்டு."

"டேக்ஸ் ஆபீசரா? ஜீப்பு எங்கடா? டிரைவர் எங்கடா?"

"இந்த மாரி கார்டு ஜெராக்ஸ் கடையில அம்பது ரூபாய்க்குப் போட்டுத் தரான்" என்றான் ஒருவன். "மூஞ்சியப் பாரு, எப்டி முழிச்சிக்கினு கீறான்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அந்தக் கார்டை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. கொழுந்தன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அக்குளில் வைத்திருந்த ஃபைல் விழுந்து தாள்கள் சிதறின. ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். என் கணவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மேலே பேனாவால் எழுதியிருந்தது என் போன் நம்பர். நான் அனுப்பிய அதே விண்ணப்பம்.

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

அரை நிமிஷம் இருக்கும். கத்தியது நான்தானே, இப்போது சொன்னால் எல்லோரும் என்னைத் திட்டுவார்களே என்று நினைத்தேன். கேஸ் வருமா என்று நினைத்தேன். ஒரு மனுஷன் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது, ஜிஎஸ்டி நம்பர் கிடைக்காமல் போய்விடுமோ என்றுகூட நினைத்தேன். அதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்தது. கண்ணாடி உடைந்தது.

பிறகுதான் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்தேன். "வுடுங்க! அவரு நம்ம வூட்டுக்குத்தான் வந்தாரு! நாங்கதான் வரச் சொல்லி எழுதினோம்!" தாளைக் கொழுந்தன் முகத்துக்கு நேராக நீட்டினேன். போட்டோவைப் பார்த்ததும் அவன் கை இறங்கியது.

நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். கொழுந்தனோ பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறான். "தப்பா எடுத்துக்காத சார். ஒரு காக்கி போட்டுக்கினு வந்திருந்தா நாங்க ஏன் கை வெக்கப் போறோம்? பஸ் கண்டக்டருக்கே யூனிஃபார்ம் கீது, உனக்குக் குடுக்கலியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ காக்கி இல்லாத ஆளுன்னா அடிப்பியா நீ?" என்றேன்.

"இன்னா அண்ணி, நீதான கத்தின?" என்றான்.



கூட்டம் கலைந்ததும் அந்த அதிகாரி செய்த முதல் காரியம், தாள்களைப் பொறுக்கி அடுக்கியதுதான். "நேத்து உங்க நம்பருக்கு ரெண்டு தடவை கூப்பிட்டேன் மேடம்" என்றார். கூப்பிட்டிருந்தார். தெரியாத நம்பர் என்று நான்தான் எடுக்கவில்லை. பிறகு வந்த வேலையை முடிக்க வேண்டும் என்று எழுந்து போனைக் கையில் எடுத்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கடை மட்டும் தெரியணும்" என்று கையை அசைத்தார். என் மகளுக்குக் காட்டிய அதே சைகை. பொத்தான் பிய்ந்த சட்டையோடு, உடைந்த கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் கடையை அவர் போட்டோ எடுத்ததைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸ்டேஷனில் புகார் கொடுங்கள், நான் சாட்சிக்கு வருகிறேன் என்றேன். "வேணாம்மா. நான்தான் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும். ஆபீஸ்ல ஏன் தனியா போனேன்னு கேப்பாங்க. துணைக்கு ஆள் கேட்டா, ஆள் இல்லைம்பாங்க" என்றார்.

"உங்களுக்கெல்லாம் ஏன் சார் யூனிஃபார்ம் இல்லை?"

"போட்டுக்கிட்டு வந்தா வியாபாரிங்க பயப்படுவாங்களாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

யார் பயப்படுகிறார்கள்? கேஸ் சிலிண்டர் போட வருகிறவருக்குச் சட்டை உண்டு. தபால்காரருக்கு உண்டு. பள்ளிக்கூட வேன் டிரைவருக்கு உண்டு. அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று விசாரிக்கவும், கணக்குக் கேட்கவும் அதிகாரம் உள்ளவரை மட்டும் ஒரு ஹெல்மெட்டையும் ஜெராக்ஸ் மாதிரி இருக்கும் ஒரு கார்டையும் கொடுத்துத் தனியாக அனுப்புவார்களா? உண்மையான ஆள் அடி வாங்குகிறார். நாளைக்குப் போலி ஆள் ஒருவன் அதே மாதிரி கார்டோடு வந்தால், இன்றைக்கு வெட்கப்பட்ட நான் பீரோவைத் திறந்து காட்டுவேன். இரண்டுக்கும் நடுவில் எங்களைப் போன்றவர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சட்டையின் மேல் ஒரு பெயர், தோளில் ஒரு பட்டை, வண்டியில் ஒரு பலகை. அதற்குக் கூடவா வழியில்லை?

இதையெல்லாம் எழுதி அவருடைய ஆபீசுக்கு நான்கு பக்கக் கடிதம் அனுப்பினேன். "உனக்கு ஏம்மா இந்த வேலை?" என்றார் கணவர். ஆபீசிலிருந்து பதில் வரவில்லை. ஜிஎஸ்டி நம்பர் மட்டும் பத்து நாளில் வந்துவிட்டது. அவர் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை என்று தெரிந்தது. அது இன்னும் மோசமாக உறுத்தியது.

கொழுந்தனோடு இன்றுவரைக்கும் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் போட்டபோதே ஒன்று தெரியும். நான்கு பக்கத்தில் தெருவைத் திட்டியிருந்தேன், ஆபீசைத் திட்டியிருந்தேன், தாளைப் பார்த்த பிறகும் நான் சும்மா நின்றதை மட்டும் எழுதவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். வரி அதிகாரிகளுக்குச் சீருடை வேண்டும் என்று இப்போதும் கோபமாகத்தான் சொல்வேன், ஆனால் அவர் யார் என்று தெரிந்துகொண்டே இரண்டு அடி விழும்வரை பேசாமல் நின்ற என் மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரிது.