அம்மாவின் படத்தை வெட்டிய நாள்

தேயிலைத் தோட்டங்களுக்கிடையே நடந்த கொழுந்து பறிக்கும் போட்டியில் அம்மா முதலாவதாக வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஹாலிஎல டவுனில் போட்டோ கொப்பிக் கடையொன்றில் வேலை பார்த்த மாமா, யாரிடமோ இரவல் வாங்கிய டிஜிட்டல் கமராவோடு வந்து ஒரேயொரு படம் எடுத்தார். பத்திரிகை நிருபர் ஒருவர் அதைக் கேட்டார். அம்மா தெளிவாகத் தெரிய வேண்டும், படம் சிறியதாக இருக்க வேண்டும், மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஈமெயிலில் வர வேண்டும். இவைதான் நிபந்தனைகள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமாவின் கடைக்கு ஓடினேன். வைரஸ் தொல்லை தாங்காமல் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் மாமா அப்போதுதான் லினக்ஸ் போட்டிருந்தார். அதைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகப் பேசுவார். ஆனால் அன்று திரையில் படம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. இருட்டாகவும் இருந்தது.

மாமா சின்ன வேலைக்கும் பெரிய ஆயுதம் தேடுகிறவர். இருந்ததிலேயே பெரிய மென்பொருளைத் திறந்தார். அது திறந்து முடிப்பதற்குள் நான் ஒரு பணிஸ் சாப்பிட்டு முடித்துவிட்டேன். திரையெங்கும் பெட்டி பெட்டியாக என்னென்னவோ முளைத்தன. மாமா எதையோ அழுத்தினார். எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. மறுபடி இயக்கினார், மறுபடியும் உறைந்தது. மணி நாலைத் தாண்டிவிட்டது.

“மாமா, படம் பார்க்கிறதுக்குச் சின்னதா ஏதோ இருந்துச்சே?” என்றேன்.

“அது பார்க்கத்தான்டி. அதுல வேல செய்ய ஏலாது.”

அந்த நேரம் பார்த்து ஒருவர் கட்டுக் காகிதங்களோடு கொப்பி எடுக்க வந்தார். மாமா எழுந்து போக, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

படம் பார்க்கும் மென்பொருள்கள் மூன்று இருந்தன. முதலாவது படத்தை நிமிர்த்தியது, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று நின்றுவிட்டது. இரண்டாவது, கம்ப்யூட்டரில் உள்ள எல்லாப் படங்களையும் தேதிவாரியாக அடுக்கித் தரட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். மூன்றாவது சட்டென்று திறந்தது. நிமிர்த்த, வெட்ட, வெளிச்சம் கூட்ட, அளவைக் குறைக்க என்று நாலே நாலு காரியங்களை ஓரமாக வைத்திருந்தது. எனக்குத் தேவையும் அந்த நாலுதான்.

நிமிர்த்தினேன். வெளிச்சத்தைக் கூட்டியதும் அம்மாவின் முகம் இருட்டிலிருந்து வெளியே வந்தது. படத்தின் நடுவில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை தொப்பியோடு நின்றார், அம்மா ஓரத்தில். வெற்றிக் கிண்ணத்தை இருவரும் பிடித்திருந்தார்கள். நிருபர் கேட்டது அம்மாவைத்தானே? அவளைச் சுற்றிக் கட்டம் போட்டேன். துரையை முழுவதும் நீக்கினால் கிண்ணம் பாதியாகிவிடும். அதனால் கட்டத்தைக் கொஞ்சம் இழுத்தேன். வெள்ளைச் சட்டைக் கையும் ஐந்து விரல்களும் உள்ளே வந்தன. வெட்டி, வேறு பெயரில் சேமித்தேன்.

மாமா திரும்பி வந்து பார்த்தார்.

“அடியே, தொரைய எங்க?”

“அம்மாவத்தானே கேட்டாங்க?”

தலையைச் சொறிந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். யோசிக்க நேரமில்லை. அனுப்பினார். அன்றைய இன்டர்நெட் மலையேறுகிற ரயிலை விட மெதுவாகப் போகும். ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. நான் நாற்காலியில் ஏறி நின்று குதித்தேன். மாமா என்னை இறங்கச் சொல்லவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அம்மாவின் முழுப் பெயரோடு படம் வந்தது. திங்கட்கிழமை அம்மா அதைப் பெரட்டுக்கு எடுத்துப் போனாள், நானும் கூடவே போனேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். திடீரென்று பெரிய சிரிப்பு.

“தொர கை மட்டும் வந்திருக்குடி!” என்றாள் பக்கத்து லயத்து அக்கா.

சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. கங்காணி கூட மறுபக்கம் திரும்பிச் சிரித்தார். என் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்குக் காது சூடானது. கிண்ணம் முழுசாகத் தெரியத்தான் கையை விட்டேன், இல்லையென்றால் அதையும் அழகாக எடுத்திருப்பேன் என்று அம்மாவிடம் விளக்கினேன்.

“இருக்கட்டும்டி. அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

தேயிலைப் பெட்டிகளிலும் காலண்டர்களிலும் முகமில்லாமல் வெறும் கைகளாகவே அதுவரை அந்தப் பெண்கள் அச்சாகியிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.